பழைய டிரக்குக்கு ப்ளக் மாத்தணும்: காப்பரா, பிளாட்டினமா, இரிடியமா? கூட எந்த ஒயர்?

வண்டி பழசு. காலைல ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் நடுங்குது, மேடு ஏறும்போது மிஸ்ஸிங் அடிக்குது, சரி ஸ்பார்க் ப்ளக்கையும் அதுக்குக் கரண்ட் கொண்டுபோற ஒயரையும் மாத்திடலாம்னு தேடுனா ஒரே இன்ஜினுக்கு நாலு வகை ப்ளக், மூணு வகை ஒயர், ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் விலை பல மடங்கு வித்தியாசம். விலை கூடுனா நல்லதாத்தான் இருக்கும்னு எடுக்கறவங்களும் இருக்காங்க, பழைய வண்டிக்கு இது போதும்னு இருக்கறதுலயே மலிவா எடுக்கறவங்களும் இருக்காங்க. ரெண்டு பேருமே இன்ஜினைப் பார்க்காம விலைச்சீட்டைப் பார்த்து முடிவு பண்றாங்க.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். பழைய டிரக்குல காசு போடறதா இருந்தா முதல்ல ஒயருக்குப் போடுங்க, ப்ளக் நுனில என்ன உலோகம்ங்கறது அதுக்கப்புறம். ஏன்னு போகப்போக வரும்.

இது பெட்ரோல் இன்ஜினுக்கு மட்டும். டீசல்ல ஸ்பார்க் ப்ளக்கே கிடையாது, அங்க இருக்கறது க்ளோ ப்ளக், அது வேற கதை. அதே மாதிரி ஒவ்வொரு ப்ளக் மேலயும் தனித்தனி காயில் (ஹை வோல்டேஜ் உண்டாக்கற சுருள்) உட்கார்ந்திருக்கற வண்டின்னா ஒயர் பகுதியை அப்படியே தாண்டிடலாம்.

## முதல்ல எதை வச்சு முடிவு பண்றது

இக்னிஷன், அதாவது தீப்பொறி உண்டாக்கற ஏற்பாடு, என்ன வகை. இதான் எல்லாத்தையும் விட முக்கியம், இதைத்தான் யாரும் பார்க்கறதில்ல. பாயின்ட் (காயில் கரண்ட்டைத் தொட்டுத்தொட்டுத் துண்டிக்கற முனை), கண்டென்சர் வச்ச பழைய டிஸ்ட்ரிபியூட்டரா (கரண்ட்டை ஒவ்வொரு ப்ளக்குக்கும் முறை வச்சுப் பிரிச்சு அனுப்பறது), எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரா, இல்ல டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாம ஒரு காயில் ரெண்டு ப்ளக்குக்கு ஒரே நேரத்துல தீப்பொறி விடற வேஸ்ட் ஸ்பார்க் சிஸ்டமா? மூணுக்கும் பதில் வேற வேற. பாயின்ட் சிஸ்டம் ஏறத்தாழ 20,000 வோல்ட் அளவுல வேலை பாக்கும், எலக்ட்ரானிக் வந்தப்புறம் 30,000, 40,000 வோல்ட் வரைக்கும் போக முடிஞ்சது, அதனாலதான் ப்ளக் கேப்பையும், அதாவது பொறி குதிக்கற இடைவெளியையும், அகலமாக்குனாங்க. பாயின்ட் வண்டில 0.7, 0.8 மிமீ கேப் இருக்கும். எலக்ட்ரானிக்ல 1.1 மிமீ சாதாரணம், 1990கள் கடைசில வந்த சில ஜிஎம் வி8ல 1.5 மிமீ வரைக்கும் போயிருக்கு.

கடைசி ப்ளக்கை கழட்ட எவ்வளவு கஷ்டம். சிரிக்காதீங்க. நேரா நிக்கற நாலு சிலிண்டர் இன்ஜின்ல பானெட்டைத் தூக்குனா நாலு ப்ளக்கும் கண்ணு முன்னாடி நிக்கும், அரை மணி நேர வேலை. அதே சில வி8 பிக்கப்ல கடைசி ரெண்டு ப்ளக் ஃபயர்வாலை ஒட்டி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும், முன் சக்கரத்தைக் கழட்டி சக்கரக்குழி வழியா கையை விட்டாத்தான் எட்டும். அந்த மாதிரி வண்டில "மலிவா போட்டு அடிக்கடி மாத்திக்கலாம்"ங்கற கணக்கு உதைக்கும்.

இன்ஜின் ஆயில் குடிக்குதா. குடிக்கற இன்ஜின்ல எந்த ப்ளக் போட்டாலும் கரி பிடிக்கும். நீண்ட ஆயுளுக்குன்னு கொடுத்த காசு அங்க வீண்.

வண்டி எவ்வளவு ஓடுது, எதுல ஓடுது. மாசத்துக்கு ஒருதடவை வெளிய எடுக்கற வண்டிக்கு 1,00,000 கிமீ ப்ளக் எதுக்கு? கேஸ் கிட் போட்ட வண்டின்னா இன்னொரு விஷயம் சேரும், எல்பிஜி, சிஎன்ஜி ரெண்டுக்குமே பெட்ரோலை விட அதிக வோல்டேஜ் வேணும், ப்ளக்கும் ஒயரும் சீக்கிரம் சோர்ந்து போகும், அதனால கேப்பைக் கொஞ்சம் குறைச்சு வைக்கறது வழக்கம்.

இந்த நாலும் நீங்க எடை போட வேண்டியது. விட்டுக்குடுக்கவே கூடாதது ஒண்ணு இருக்கு, அது ப்ளக்கோட அளவு. திரெட் பெரும்பாலும் 14 மிமீ, சில பழைய ஃபோர்டு இன்ஜின்கள்ல 18 மிமீ. திரெட் நீளம் 12.7 மிமீயா 19 மிமீயான்னு பாருங்க, நீளமானதைப் போட்டா பிஸ்டன்ல இடிக்கலாம், குட்டையானதைப் போட்டா ஹெட் திரெட்டோட அடிப்பக்கம் கரி ஏறி அடுத்த தடவை சரியான ப்ளக் ஏறாது. உட்கார்ற இடம் வாஷர் வச்சதா, வாஷரே இல்லாத கூம்பு வடிவமான்னும் பாருங்க. அப்புறம் ஹீட் ரேஞ்ச், அதாவது ப்ளக் நுனி சூட்டை எவ்வளவு வேகமா வெளியேத்தும்ங்கற அளவு. ப்ளக் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டுனாத்தான் கரியைத் தானே எரிச்சு சுத்தம் பண்ணிக்கும், 850ஐத் தாண்டுனா தீப்பொறி வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோலைப் பத்த வச்சுடும். இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கற மாதிரித்தான் கம்பெனி நம்பர் குடுத்திருப்பாங்க.

நம்பர்ல ஒரு குழி இருக்கு. என்ஜிகே, டென்சோல நம்பர் ஏறஏற ப்ளக் குளிர்ச்சி. பாஷ், சாம்பியன், ஏசி டெல்கோல நம்பர் ஏறஏற சூடு. ஒரு பிராண்டுல 6 போட்டிருந்தேன் அதனால இதுலயும் 6ன்னு எடுத்துடாதீங்க, கிராஸ் ரெஃபரன்ஸ் சார்ட் பார்த்து எடுங்க.

## பழைய ப்ளக்கைப் பார்க்காம புதுசு வாங்காதீங்க

வாங்கறதுக்கு முன்னாடி இருக்கறதைக் கழட்டி சிலிண்டர் வரிசைலயே ஒரு துணி மேல அடுக்கி வைங்க. எல்லாம் வெளிர் பழுப்பு, சாம்பல் நிறம்னா இன்ஜின் நல்லா எரியுது, அதே ஹீட் ரேஞ்ச்ல எடுங்க. எல்லாமே உலர்ந்த கறுப்புப் பொடியா இருந்தா பெட்ரோல் அதிகமா போகுது, கார்ப்ரேட்டர், சோக், ஏர் ஃபில்டர் பக்கம் போய்ப் பாருங்க. ஒண்ணு ரெண்டு மட்டும் ஈரமா எண்ணெய்ப் பசையோட கறுப்பா இருந்தா அந்த சிலிண்டர்ல ஆயில் இறங்குது. வெள்ளையா, பீங்கான் மேல சின்னச்சின்ன கொப்புளமா இருந்தா சூடு அதிகம், அப்படியே புதுசைப் போட்டு ஓட்டாதீங்க.

நுனியை மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க, மேல வெள்ளைப் பீங்கானையும் பாருங்க. இரும்புப் பகுதிக்கு சரியா மேல பழுப்பு நிறத்துல வளையம் மாதிரி கறை இருந்தா பயப்பட வேண்டாம், பக்கத்துல இருக்கற எண்ணெய்த் துகளை ஹை வோல்டேஜ் இழுத்து ஒட்ட வச்ச கறை அது, கேஸ் லீக்குன்னு நிறைய பேர் தப்பா நினைக்கறாங்க. ஆனா பீங்கான் மேல மேலிருந்து கீழ பென்சில்ல கிழிச்ச மாதிரி மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு ஓடுனா விஷயம் வேற. தீப்பொறி உள்ள குதிக்காம வெளிய பீங்கான் வழியாவே பாடிக்கு ஓடியிருக்கு. ஒயர் முனைல ப்ளக்கை மூடற ரப்பர் பூட்டைத் திருப்பி டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ளயும் அதே கோடு இருக்கும். புது ப்ளக்கை மட்டும் போட்டா பழைய பூட்ல இருக்கற கோடு புதுசுக்கும் அதே வழியைக் காட்டிடும். ப்ளக், ஒயர் ரெண்டையும் சேர்த்தே மாத்தணும்.

## காப்பர் ப்ளக்

பேருதான் காப்பர், நுனி நிக்கல் கலவை. காப்பர் உள்ள மையத்துல சூட்டைக் கடத்தறதுக்கு ஓடுது. "காப்பர் கரண்ட்டை நல்லா கடத்தும், அதனால பொறி பலமா இருக்கும்"னு சொல்றவங்களை நம்பாதீங்க, ரேடியோ இரைச்சலை அடக்க ரெசிஸ்டர் வச்ச ப்ளக்குள்ளயே ஏறத்தாழ 5 கிலோ ஓம் இருக்கு, ஒயர்ல இன்னும் சில ஆயிரம் ஓம், அதுக்கு நடுவுல அந்தக் காப்பர் துண்டால என்ன வித்தியாசம் வந்துடப் போகுது.

நடு எலக்ட்ரோடு, அதாவது பொறி கிளம்பற நடு முனை, தடியானது, 2.5 மிமீ அளவு. புதுசா இருக்கும்போது விளிம்பு கூர்மையா இருக்கும், பொறி சுலபமா குதிக்கும். ஓடஓட விளிம்பு மழுங்கும், கேப் அகலமாகும், குதிக்க வேண்டிய வோல்டேஜ் ஏறும். 30,000 கிமீ தாண்டுனா கேப் பார்க்க ஆரம்பிச்சுடணும், 50,000க்கு மேல இழுக்கறது இழுத்தடிக்கறதுதான்.

இதை எப்போ எடுக்கலாம்? பாயின்ட் வண்டிக்கு, கார்ப்ரேட்டர் வண்டிக்கு, ஆயில் குடிக்கற இன்ஜினுக்கு, கைக்கு எட்டற ப்ளக்குக்கு. கம்பெனியே காப்பர் போட்டு அனுப்புன வண்டிக்கும் இதான், டாட்ஜ் மேக்னம் 5.2, 5.9 வி8 எல்லாம் அப்படித்தான் வந்துச்சு, அந்த இன்ஜின்கள்ல காப்பர்தான் சரியா ஓடுதுன்னு அதை வச்சிருக்கறவங்க சத்தியம் பண்ணுவாங்க. டொயோட்டா 22ஆர் இன்ஜின் வச்ச பழைய ஹைலக்ஸுக்கும் 0.8 மிமீ கேப் வச்ச சாதாரண ப்ளக் தாராளம்.

மறைஞ்சிருக்கற செலவு உங்க நேரம்தான். எட்டு சிலிண்டர், கஷ்டமான இடம், கூலி குடுத்து மாத்தறீங்கன்னா ரெண்டு தடவை காப்பர் மாத்தற கூலில ஒரு தடவை நல்ல ப்ளக் வந்துடும்.

## பிளாட்டினம்

இதுல ரெண்டு வகை இருக்குங்க, இங்கதான் நிறைய பேர் ஏமாறறாங்க. சிங்கிள் பிளாட்டினம்னா நடு எலக்ட்ரோடுல மட்டும் பிளாட்டினம். டபுள் பிளாட்டினம்னா பக்கத்துல வளைஞ்சு நிக்கற எலக்ட்ரோடுலயும் ஒரு பொட்டு.

ஏன் ரெண்டு? வேஸ்ட் ஸ்பார்க் சிஸ்டத்துல ஒரு காயிலோட ரெண்டு முனையும் ரெண்டு ப்ளக்குக்குப் போகும், ஒண்ணுல பொறி நடுவுலேர்ந்து பக்கத்துக்குக் குதிக்கும், இன்னொண்ணுல பக்கத்துலேர்ந்து நடுவுக்கு. ஆக பாதி ப்ளக்ல பக்க எலக்ட்ரோடுதான் தேயும். அங்க சிங்கிள் பிளாட்டினம் போட்டா பாதி ப்ளக் சாதாரண ப்ளக் ஆயுளோட போயிடும், நீங்க முழு செட்டுக்கும் பிளாட்டினம் காசு குடுத்திருப்பீங்க.

டிஸ்ட்ரிபியூட்டர் வண்டிக்கு சிங்கிள் போதும். வேஸ்ட் ஸ்பார்க்னா டபுள், அதுல பேரமே வேண்டாம்.

## இரிடியம்

இரிடியம் உருகறது 2,446 டிகிரி செல்சியஸ்ல, பிளாட்டினம் 1,768, நிக்கல் 1,455. அவ்வளவு தாங்கறதால நடு எலக்ட்ரோடை ஊசி மாதிரி மெல்லிசா செய்ய முடியுது, டென்சோல 0.4 மிமீ வரைக்கும், என்ஜிகேல 0.6 மிமீ. மெல்லிய நுனில பொறி குறைஞ்ச வோல்டேஜ்லயே குதிக்கும், குளிர்ல ஸ்டார்ட்டிங் நல்லா இருக்கும், காயிலுக்கும் ஒயருக்கும் சுமை குறையும். இது நிஜமான லாபம், விளம்பரம் இல்ல. மைலேஜ் எகிறும், பவர் கூடும்ங்கறதெல்லாம்தான் விளம்பரம், நல்ல நிலைல இருக்கற காப்பருக்கும் இதுக்கும் ஓட்டும்போது வித்தியாசம் கண்டுபிடிக்கறது கஷ்டம். தேஞ்சு போன ப்ளக்கைக் கழட்டிட்டுப் போட்டதால வர்ற சுகத்தை இரிடியத்தோட கணக்குல எழுதிடறாங்க.

ஆயுள்லயும் கவனம் வேணும். பக்க எலக்ட்ரோடுலயும் உயர்ந்த உலோகம் வச்ச நீண்ட ஆயுள் வகை ஒண்ணு, நடுவுல மட்டும் இரிடியம் வச்ச பர்ஃபாமன்ஸ் வகை இன்னொண்ணு. ரெண்டாவது அவ்வளவு நாள் வராது. டப்பால இரிடியம்னு பெருசா போட்டிருக்கும், எந்த வகைங்கறது மாடல் நம்பர்லதான் தெரியும்.

கேப் வைக்கும்போது நடு ஊசில எதையும் வச்சு நெம்பாதீங்க, உடையும். பக்க எலக்ட்ரோடை மட்டும் மெல்ல வளைங்க, கம்பி வகை கேஜ் வச்சு அளங்க. சாய்வான விளிம்புல தேய்ச்சு அளக்கற வட்டக் கேஜ் இங்க ஆகாது. பெட்டிலயே கேப் வச்சு வந்திருக்குன்னாலும் அளந்து பாருங்க, ஏன்னா ஒரே ப்ளக் பல வண்டிக்குப் போகுது, உங்க பாயின்ட் வண்டிக்கு 1.1 மிமீ கேப்போட மாட்டிட்டீங்கன்னா மேட்டுல மிஸ் அடிக்கும்.

போலிங்க இதுலதான் அதிகம், விலை கூடுன சரக்கைத்தானே போலி பண்ணுவாங்க. திரெட் சொரசொரப்பு, பீங்கான் எழுத்து மங்கல், நுனி மையத்துல இல்லாம ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கறதுன்னு இருந்தா திருப்பிக் குடுத்துடுங்க. நாலு முனை, பிளந்த முனைன்னு வர்றதைப் பத்தி ஒரே வரி: பொறி ஒரு நேரத்துல ஒரு முனைக்குத்தான் போகும், மிச்சமெல்லாம் தேய்மானத்தைப் பங்கு போட்டுக்க நிக்குது.

| | காப்பர் | பிளாட்டினம் | இரிடியம் |
|---|---|---|---|
| ஆயுள் ஏறத்தாழ | 30,000–50,000 கிமீ | சிங்கிள் 1,00,000 கிமீ வரை, டபுள் அதுக்கும் மேல | நீண்ட ஆயுள் வகை 1,00,000 கிமீக்கு மேல |
| தேவைப்படற வோல்டேஜ் | தேயத்தேய ஏறும் | நடுத்தரம் | குறைவு |
| பாயின்ட், கார்ப்ரேட்டர் வண்டி | பொருத்தம் | தேவையில்ல | குளிர்ல ஸ்டார்ட்டிங் தகராறு இருந்தா யோசிக்கலாம் |
| வேஸ்ட் ஸ்பார்க் | அடிக்கடி மாத்தணும் | டபுள் மட்டும் | ரெண்டு பக்கமும் உயர்ந்த உலோகம் வச்சது மட்டும் |
| ஆயில் குடிக்கற இன்ஜின் | இதான் | வீண் | வீண் |
| எட்டாத ப்ளக் | கூலி தின்னும் | நல்லது | நல்லது |

## ஒயர்: என் காசு இங்கதான்

ப்ளக் தேஞ்சா வோல்டேஜ் ஏறும்னு சொன்னேன்ல, அந்த ஏறுன வோல்டேஜ் எங்க போகும்? சுலபமான வழியைத் தேடும். சூட்டுல வெந்து வெடிச்சுப்போன பழைய ஒயரோட இன்சுலேஷன்தான் அந்த வழி. அதனால பழைய ஒயரோட இரிடியம் போடறது ஓட்டை பைப்புக்குப் பெரிய மோட்டார் வாங்கற மாதிரி. கொஞ்ச நாள் நல்லா ஓடும், புது ப்ளக் குறைஞ்ச வோல்டேஜ் கேக்கறதால லீக் மறைஞ்சிருக்கும், மழை நாள்ல திரும்ப வந்து நிக்கும்.

கார்பன் கோர். கம்பெனில வந்த பெரும்பாலான பழைய வண்டில இதான். உள்ள உலோகமே இல்ல, கார்பன் ஏத்துன இழை. ரேடியோ இரைச்சலை நல்லா அடக்கும், விலையும் குறைவு. பலவீனம் என்னன்னா ஒயரைப் பிடிச்சு இழுத்தா உள்ள இழை அறுந்துடும், வெளிய ஒண்ணுமே தெரியாது. வருஷம் போகப்போக ரெசிஸ்டன்ஸும் ஏறும். சாதாரணமா ஓட்டற, ஒரிஜினல் நிலைல இருக்கற டிரக்குக்கு நல்ல பிராண்டு கார்பன் கோர் செட்டே போதும், வெளி உறை சிலிகானா இருக்கான்னு மட்டும் பாருங்க.

ஸ்பைரல் கோர். மெல்லிய உலோகக் கம்பியைச் சுருளாச் சுத்துனது. ரெசிஸ்டன்ஸ் அடிக்கு சில நூறு ஓம்தான், கார்பன்ல அது ஆயிரக்கணக்குல போகும். சுருள் இருக்கறதால இரைச்சலையும் அடக்கும், ஆயுளும் அதிகம். பாரம் இழுக்கற, கேஸ்ல ஓடற, இன்னும் பல வருஷம் வச்சிருக்கப்போற வண்டிக்கு நான் இதைத்தான் எடுப்பேன். ப்ளக்கைக் காப்பர்ல நிறுத்தி மிச்சமான காசை இதுல போட்டா கணக்கு சரியா வரும்.

முழு உலோகக் கம்பி. கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷன் எதுவும் இல்லாத ரொம்பப் பழைய வண்டிக்கு மட்டும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டில போட்டா அந்த இரைச்சல் சென்சார் சிக்னல்ல கலந்து கம்ப்யூட்டரைக் குழப்பும், மிஸ்ஸிங்கை சரி பண்ணப் போய் புதுசா ஒண்ணை வாங்கிட்டு வருவீங்க.

8 மிமீ, 8.5 மிமீன்னு தடிமனைப் பார்த்து மயங்க வேண்டாம். தடிமன் பெரும்பாலும் இன்சுலேஷன்தான், பொறி கூடாது. தடியான ஒயர் ஒரிஜினல் கிளிப்புக்குள்ள உட்காராம மேனிஃபோல்டு மேல சாய்ஞ்சு வெந்துபோன கதை உண்டு. ஒரிஜினல் 7 மிமீ கிளிப்பு நல்லா இருந்தா 7 மிமீயே போடுங்க.

வெட்டிப் பொருத்தற யுனிவர்சல் செட்டை விட அளவெடுத்து வர்ற செட் மேல். முனையை அழுத்திப் பிடிக்கற கருவி இல்லாம பிளையர்ல நசுக்குனா அங்கதான் முதல்ல பிரச்சனை வரும். வாங்கும்போது பூட் நேரா இருக்கணுமா 90 டிகிரி வளையணுமா, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி (கேப்) பக்கம் உள்ள சொருகற வகையா மேல கவுக்கற வகையான்னு பழசோட ஒப்பிட்டுப் பாருங்க.

ஒயர் செலவோட ஒட்டிட்டு வர்றது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் அதுக்குள்ள சுத்தற ரோட்டாரும். மூடிக்குள்ள வெள்ளைப் பொடி பூத்து முனையெல்லாம் அரிச்சிருந்தா ஒயர் மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல. பட்ஜெட் போடும்போதே சேர்த்துக்கங்க.

ஒயர் கெட்டுப்போச்சான்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வழி. ராத்திரி இருட்டுல பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு ஒயர் மேல பனித்துளி மாதிரி தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க, லீக் இருந்தா டிக் டிக்னு நீலமாப் பொறி தெரியும். கையை வைக்காதீங்க, ஃபேன் கிட்டயும் போகாதீங்க. இன்னொண்ணு மல்டிமீட்டர், ஒயரைக் கழட்டி ரெண்டு முனைலயும் வைங்க. நீளமான ஒயர்ல அதிகமாத்தான் காட்டும், அது தப்பில்ல; ஒரே நீளத்துல இருக்கற மத்ததை விட ஒண்ணு மட்டும் எகிறி நின்னா அது போச்சு. டொயோட்டா மேனுவல்கள்ல ஒரு ஒயருக்கு அதிகபட்சம் 25 கிலோ ஓம்னு இருக்கும்.

## மாட்டும்போது

ஒரு ஒயரைக் கழட்டி அதை மாத்தி முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க, எல்லாத்தையும் ஒரேயடியா உருவிட்டு எந்த சிலிண்டர் எப்போ எரியும்ங்கற வரிசையை, அதான் ஃபயரிங் ஆர்டரைத் தேடாதீங்க. பூட்டை முதல்ல சுத்தித் திருகி ஒட்டு விட்டப்புறம் இழுங்க. ப்ளக்கைக் கழட்டறதுக்கு முன்னாடி குழியைக் காத்தடிச்சு மண்ணை வெளியேத்துங்க. அலுமினியம் ஹெட்னா இன்ஜின் நல்லா ஆறட்டும். புதுசைக் கையாலயே கடைசி வரைக்கும் திருகி உட்கார வச்சப்புறம்தான் ஸ்பேனர். வாஷர் வச்ச புது ப்ளக்கை அங்கேர்ந்து அரைச் சுத்துலேர்ந்து முக்கால் சுத்துக்குள்ள நிறுத்துங்க, கூம்பு வகையை 16ல ஒரு பங்கு சுத்து மட்டும். டார்க் ரெஞ்ச் இருந்தா 14 மிமீ வாஷர் வகைக்கு 25–30 நியூட்டன் மீட்டர், கூம்பு வகைக்கு இரும்பு ஹெட்ல 15–25, அலுமினியத்துல 10–20. இறுகிப் பிடிச்சுக்காம இருக்க திரெட்டுக்கு ஆன்டி சீஸ் தடவறது பழைய பழக்கம், பளபளன்னு முலாம் பூசுன புது ப்ளக்குக்கு வேண்டாம்னு என்ஜிகேயே சொல்லுது, வழுக்கறதால அதே டார்க்ல அளவுக்கு மீறி இறுகிடும். பூட்டுக்குள்ள மட்டும் கரண்ட் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசா.

ஒயர் ஓடற வழியும் முக்கியம், குறிப்பா வி8ல. பழைய ஷெவர்லே வி8 ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2, இதுல 5ம் 7ம் ஒரே பக்கத்துல பக்கத்துப் பக்கத்துல இருக்கு, ஒண்ணுக்கடுத்து ஒண்ணு அடிக்குது. அந்த ரெண்டு ஒயரையும் ஒட்டி இணையா விட்டா 5ல அடிக்கற பொறியோட தூண்டல் 7க்கும் தாவி, பிஸ்டன் மேல ஏறி வரும்போதே அங்க பத்த வச்சுடும். புது ஒயர், புது ப்ளக் எல்லாம் போட்டும் பாரம் ஏத்துனா உதைக்குதுன்னா இதைத்தான் முதல்ல பாருங்க. ரெண்டையும் பிரிச்சு விடுங்க, இடமே இல்லைன்னா குறுக்க தாண்ட விடுங்க.

இத்தனையும் பண்ணியும் ஒரு சிலிண்டர் மட்டும் விடாம மிஸ் அடிச்சா அந்த ப்ளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாத்திப் போட்டுப் பாருங்க. மிஸ்ஸிங் கூடவே போனா ப்ளக். போகலைன்னா ஒயரை அதே நீளத்துல இருக்கற இன்னொண்ணோட மாத்திப் பாருங்க. அப்பவும் அதே சிலிண்டர்லயே நின்னா கம்ப்ரஷன் டெஸ்டுக்கும், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்ல காத்து இழுக்குதான்னு பார்க்கறதுக்கும் நேரம் வந்தாச்சு.